வாழ்க்கைத் துணையின் பிரஜாவுரிமை: நிக்காஹ் முதல் உறுதிமொழி வரை

வந்த சரக்குக்கு ரசீது கேட்டு வாங்குகிறோம். கடன் கொடுத்தால் அன்றைக்கே பற்றெழுதி வைக்கிறோம். கடை லைசென்ஸ் முடியும் தேதி நமக்கு மனப்பாடம். ஆனால் ஊரிலிருந்து மணமுடித்து அழைத்து வந்த மனைவியின் வருகை அனுமதி எந்த மாதத்தோடு முடிகிறது என்று கேட்டால், நம் வர்த்தகச் சகோதரர்களில் பலர் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். நிரந்தரவாசத்துக்கு மனுச் செய்தாயிற்றா என்றால், "பார்க்கலாம், அவசரம் என்ன?" என்கிறார்கள்.

புக்கிட் பாத்தோக்கில் கடை வைத்திருக்கும் நம்மிடம் சாமான் வாங்க வருவோர், கைத்தொலைபேசியை நீட்டி, "இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பது வாடிக்கையாகிவிட்டது. அவர்கள் கேட்டவற்றையும் நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றையும் ஒழுங்குபடுத்தி, இந்தப் பாடத்தை எழுதுகிறோம். சட்டம் படித்தவர்களுக்காக இது எழுதப்படவில்லை. பிரஜையாக உள்ள ஒருவர் பிரஜையல்லாத ஒருவரை மணந்தால், எந்தப் படியில் எப்போது கால் வைக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

முன்னோர் கண்ட படிப்பினை

நம் முன்னோர் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பினாங்கு, சிங்கப்பூர் என்று வந்து இறங்கலாம். சபுராளிகளில் பெரும்பாலோர் தனியாக வந்தனர். மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். ஓராண்டோ ஈராண்டோ கழித்து ஊர் போய்த் திரும்புவதே வாழ்க்கை முறை. கடையநல்லூர், தென்காசி மக்கள் மட்டும் பெண்டு பிள்ளைகளோடு வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வேரூன்றினார்கள். அவர்கள் பிள்ளைகள் படிக்க 1946-ல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி எழுந்தது. குடும்பம் வந்த இடத்தில் பள்ளிக்கூடமும் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1953 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடிநுழைவுக் கட்டுப்பாடு இறுகியது. 1957-ல் சிங்கப்பூர்ப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, "தமிழ் முரசு" ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள், பிரஜைகளாகப் பதிந்துகொள்ளுங்கள் என்று தமிழ் மக்களை வலியுறுத்தி வந்தார். கேட்டவர்கள் பதிந்தார்கள். "ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம்" என்று இருந்தவர்களும் உண்டு.

அண்டை நாடான மலேசியாவில் 1968-ல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜைகள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆயிற்று. பல்லாண்டு அந்த மண்ணில் உழைத்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். அவர்கள் உழைப்பில் குறைவில்லை. கையில் காகிதம் இல்லை. இந்தப் படிப்பினையை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்றைய நடைமுறைக்கு வருவோம்.

முதற்படி: நிக்காஹ் பேசும்போதே

பெண் பார்க்கும்போது குலம், குணம், மஹர் எல்லாம் பேசுகிறோம். அத்தோடு நான்கு விஷயங்களையும் பேசிவிட வேண்டும்.

ஒன்று: திருமணத்துக்கு முந்திய மதிப்பீடு. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் 2014-ல் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மணமகனும் மணமகளும் சேர்ந்து மனுச் செய்தால், திருமணத்துக்குப் பிறகு நீண்டகால வருகை அனுமதி பெறத் தகுதி உண்டா என்று முன்கூட்டியே கடிதம் வரும். இதற்குக் கட்டணமில்லை. மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பெண்ணைக் கைப்பிடித்த பிறகு அனுமதி கிடைக்கவில்லை என்று தவிப்பதைவிட, முன்பே தெரிந்துகொள்வது இரு வீட்டாருக்கும் நலம்.

இரண்டு: வேலை அனுமதிச் சீட்டு. இங்கே வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரோ, முன்பு இருந்து திரும்பிப் போனவரோ, சிங்கப்பூர்ப் பிரஜையையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால், மனிதவள அமைச்சின் அனுமதியைத் திருமணத்துக்கு முன்பே பெற வேண்டும். நிக்காஹ் ஊரில் நடந்தாலும் இந்த விதி பொருந்தும். இது தெரியாமல் முடிக்கப்பட்ட விவாகங்களால், கணவன் ஓரிடம் மனைவி ஓரிடம் என்று குடும்பங்கள் பிரிந்து கிடக்க நேரிடும்.

மூன்று: திருமணப் பதிவு. சிங்கப்பூரில் முஸ்லிம்களின் நிக்காஹ் முஸ்லிம் திருமணப் பதிவகத்தில் பதிவாகிறது. 1966-ல் இயற்றப்பட்ட முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் இதற்கு அடிப்படை. ஊரில் நடக்கும் நிக்காஹ் ஜமாஅத் புத்தகத்தில் எழுதப்படுகிறது. அது நமக்குப் போதும், அரசாங்கத்துக்குப் போதாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தாரின் திருமணமும் 90 நாட்களுக்குள் சர்க்காரில் பதியப்பட வேண்டும். விருந்து முடிந்த மறுவாரமே மணமக்கள் பதிவாளர் அலுவலகம் சென்று வருவது நல்லது. மாப்பிள்ளை விடுமுறை முடிந்து விமானம் ஏறிய பிறகு இதைச் செய்வது பெரும்பாடு.

நான்கு: பெயர். நம் சமுதாயத்துக்கே உரிய தொல்லை இது. பள்ளிச் சான்றிதழில் "முகம்மது", பாஸ்போர்ட்டில் "முஹம்மத்", நிக்காஹ் புத்தகத்தில் வெறும் "மு." என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்கிறார். பெண்களுக்கு "பீவி", "பேகம்", "பானு" ஓரிடத்தில் சேரும், ஓரிடத்தில் விழும். தகப்பனார் பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். உள்ளூரில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. இங்கே கவுண்டரில் இருக்கும் உத்தியோகஸ்தருக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். திருமணத்துக்கு முன்பே எல்லாக் காகிதங்களிலும் பெயரை ஒன்றாக்கிவிட வேண்டும். தமிழில் உள்ள சான்றிதழ்களுக்கு முறையான ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்கிறோம். அனுமதி பெறுவதற்காகவே பெயரளவில் மணம் முடிப்பது சிங்கப்பூரில் 2012 முதல் தனிக் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமும் 10 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். "பரிதாபத்துக்கு ஓர் உதவி" என்று யார் வந்து கேட்டாலும் அதில் தலையிட வேண்டாம்.

இரண்டாம் படி: நீண்டகால வருகை அனுமதி

மனைவி இங்கே வந்து தங்க இதுவே வாசல். கணவர்தாம் பொறுப்பேற்றுக் கையொப்பமிடுகிறார். புதுப்பிக்கும்போதெல்லாம் மறுபடி அவரே கையொப்பமிட வேண்டும். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப் பற்றிப் பேசுவோம்.

2012 ஏப்ரல் முதல் இதில் மேலான வகை ஒன்று உண்டு. அதை "பிளஸ்" என்று சொல்கிறார்கள். பிரஜையான குழந்தை இருந்தாலோ, கருவில் இருந்தாலோ, அல்லது குழந்தையில்லாமல் மணமாகி மூன்றாண்டு ஆகியிருந்தாலோ அதற்குத் தகுதி வரும். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற அரசாங்கச் சலுகை அதில் கிடைக்கும். சாதாரண அனுமதியில் அந்தச் சலுகை இல்லை. பிரசவச் செலவைக் கட்டிப் பார்த்தவருக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

கடை முதலாளிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வருகை அனுமதியில் உள்ள மனைவி வேலைக்குப் போக மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் வேண்டும். "சொந்தக் கடைதானே, சம்பளமா கொடுக்கிறோம்?" என்று கல்லாவில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம். கடிதம் பெற்ற பின்பே கடையில் கை வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: நிரந்தரவாசம்

பிரஜையின் கணவரோ மனைவியோ நிரந்தரவாசத்துக்கு மனுச் செய்யலாம். கட்டணம் 100 வெள்ளி. மறுக்கப்பட்டால் திரும்பி வராது. பதில் வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். மறுப்புக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. மறுப்பு வந்தால் அவமானமாகக் கருதி மூலையில் உட்கார்ந்துவிடக் கூடாது. நிலைமை சற்று முன்னேறிய பிறகு மீண்டும் மனுச் செய்யலாம்.

பொறுப்பேற்கும் கணவர் குடும்பத்தைத் தாங்க வல்லவரா என்று பார்ப்பார்கள். மாதச் சம்பளக்காரர் சம்பளச் சீட்டைக் காட்டுகிறார். நம்மைப் போன்ற கடைக்காரர்கள் எதைக் காட்டுவது? வரித்துறை அனுப்பும் மதிப்பீட்டு அறிவிப்பைத்தான் காட்ட வேண்டும். வருமானத்தைக் குறைத்து எழுதி வரியை மிச்சம் பிடித்தவருக்கு இங்கே பதில் சொல்லும் வேளை வருகிறது. வரி அலுவலகத்தில் ஏழையாகவும் குடிநுழைவு அலுவலகத்தில் செல்வந்தராகவும் நிற்க முடியாது. கணக்கைச் சுத்தமாக வைப்பது மார்க்கத்துக்கும் நல்லது, மனைவியின் மனுவுக்கும் நல்லது.

நிரந்தரவாசம் கிடைத்தால் நீல அடையாள அட்டை வரும். வேலை செய்ய ஒப்புதல் கடிதம் தேவைப்படாது. 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்பீட்டில் நிரந்தரவாசியும் அடங்குவார். வீவக வீட்டுக்குக் கணவரோடு கூட்டு உரிமையாளராகவும் ஆகலாம். வருகை அனுமதியில் இருக்கும்வரை, அந்த வீட்டில் அவர் "குடியிருப்பவர்" என்ற பெயரோடு நிற்பாரேயன்றி உரிமையாளர் ஆவதில்லை.

நிரந்தரவாசிக்கு மறு நுழைவு அனுமதி என்று ஒன்றுண்டு. அது செல்லுபடியாகும் காலம் முடிந்த நிலையில் வெளிநாட்டில் இருந்தால் நிரந்தரவாசமே பறிபோகக்கூடும். தாய்க்கு உடல்நலமில்லை என்று ஊர் போய் மாதக்கணக்கில் தங்கும் சகோதரிகள், விமானச் சீட்டு வாங்குமுன் இந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முந்திய விவாகத்தில் பிறந்த மகனையும் சேர்த்து மனுச் செய்வோர், அவனுக்குத் தேசிய சேவைக் கடமை வரும் என்பதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

நான்காம் படி: பிரஜாவுரிமை

நிரந்தரவாசியாகி இரண்டாண்டும், பிரஜையை மணந்து இரண்டாண்டும் ஆனவர் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்யலாம். அரசியல் சாசனத்தின் 123-ஆவது பிரிவு பிரஜையின் மனைவிக்குத் தனியாக இடமளிக்கிறது. மனுவுக்கு முன் இரண்டாண்டு தொடர்ந்து இங்கே வசித்திருத்தல், இங்கேயே நிலையாக வாழும் எண்ணம், நன்னடத்தை ஆகியவற்றை அது கேட்கிறது. இதற்கும் மனுக் கட்டணம் 100 வெள்ளி. பதிலுக்கு ஓராண்டு வரை, சில வேளை அதற்கு மேலும், பொறுத்திருக்க வேண்டும்.

கொள்கையளவில் ஒப்புதல் வந்ததும், 2011 முதல் நடைபெறும் "சிங்கப்பூர்க் குடியுரிமைப் பயணம்" என்ற ஏற்பாட்டில் பங்கெடுக்க வேண்டும். இணையத்தில் நாட்டு வரலாற்றைப் படிப்பது, முக்கிய இடங்களைச் சுற்றிப் பார்ப்பது, வட்டாரத்து மக்களோடு கலந்துரையாடுவது என்று அதில் மூன்று பகுதிகள். கடைசியில் உறுதிமொழியும் சான்றிதழ் வழங்கும் சடங்கும் நடைபெறும்.

சிங்கப்பூர் இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்பதில்லை, இந்தியாவும் அவ்வாறே. இந்தியாவின் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு நாட்டுப் பிரஜாவுரிமையை விரும்பி ஏற்பவர் இந்தியப் பிரஜையாக இருக்க முடியாது. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, துறந்ததற்கான அத்தாட்சியை இந்தியத் தூதரகத்தில் பெற வேண்டும். சிங்கப்பூரின் ஒப்புதல் கடிதம் கைக்கு வருமுன் இதைச் செய்துவிடக் கூடாது. எந்த நாட்டுக்கும் உரியவரல்லாத நிலை ஏற்படும். அந்தக் கடிதத்தில் எந்த வரிசை சொல்லப்பட்டிருக்கிறதோ அந்த வரிசையிலேயே செய்க.

தலைப்பிரசவம் பற்றி

முதற்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அதன் விளைவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோரில் ஒருவர் பிரஜையாக இருக்க, சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தை பிறப்பாலேயே பிரஜை. அதே குழந்தை ஊரில் பிறந்தால் வம்சாவளியால் பிரஜையாகப் பதியப்பட வேண்டும். பிறந்த ஓராண்டுக்குள் மனுச் செய்வது முறை. அப்படிப் பதியப்பட்ட பிள்ளை 21 வயது நிரம்பி 22 ஆகுமுன் உறுதிமொழி எடுக்க வேண்டும். தவறினால் பிரஜாவுரிமை போய்விடும். மருத்துவச்சி கையும் அத்தா வீடும் ஆறுதலானவைதாம். இருபத்தோராண்டு கழித்து வரும் தேதியையும் குறித்து வைக்க வேண்டியிருக்கிறது.

தாமதத்தின் விலை

இனி, அடிக்கோடிடச் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

நம் பேட்டையில் நாம் அறிந்த ஒரு சகோதரி, பதினோராண்டு வருகை அனுமதியிலேயே இருந்தார். கணவர் நல்ல மனிதர், தொழுகை தவறாதவர், மனைவி மக்களைக் கண்ணாக வைத்திருந்தவர். மனுச் செய்யச் சொன்னால் "ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும்", "கடைக் கணக்கு முடியட்டும்" என்பார். ஒரு நாள் கடையில் சரக்கு இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அத்துடன் முடிந்தது.

அந்தச் சகோதரி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டியவர். அந்த நாட்களுக்குள்ளேயே அனுமதி முடியும் தேதி வந்தது. கையொப்பமிடக் கணவர் இல்லை. பிள்ளைகள் பிரஜைகள்தாம், ஆனால் மூத்தவனுக்கு ஒன்பது வயது. கணவரின் அண்ணன் வந்து பொறுப்பேற்றார். அனுமதி கிடைத்தது, அதுவும் குறுகிய காலத்துக்கே. வீட்டில் அவர் "குடியிருப்பவர்" மட்டுமே. பிள்ளைகளின் தாய், பிள்ளைகளின் நாட்டில், தேதி எண்ணிக்கொண்டு இருந்தார். அழக்கூட அவருக்கு நேரம் இல்லை.

அவர் கணவர் கெட்ட எண்ணத்தால் இதைச் செய்யவில்லை. ஆனால் சிலர் எண்ணிச் செய்வதும் உண்டு. "அட்டை கையில் வந்தால் அவள் நம் பேச்சைக் கேட்க மாட்டாள்" என்று நினைத்து மனுவை நிறுத்தி வைப்பவர்களைக் கேள்விப்படுகிறோம். மனைவி அமானிதம் என்பதை நாம் அறிவோம். அமானிதத்தைப் பூட்டி வைத்துச் சாவியை மிரட்டலாகக் காட்டுவது எந்த மார்க்கத்திலும் இல்லை.

சந்தேக நிவர்த்தி

கேள்வி: மனைவிக்கு ஆங்கிலம் வராது. மனுச் செய்யலாமா?
பதில்: செய்யலாம். பிரஜையின் மனைவிக்கான சாசனப் பிரிவு மொழியைக் கேட்கவில்லை. மற்ற நிரந்தரவாசிகளுக்கு மொழியறிவு கேட்கும் இடத்திலும் மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கில் ஒன்றின் ஆரம்ப அறிவே போதும் என்கிறது. நம் மொழி அந்த வரியில் நிற்பதை நினைத்து மகிழலாம்.

கேள்வி: பெண் பிரஜை, மாப்பிள்ளை ஊர்க்காரர். ஒழுங்கு இதேதானா?
பதில்: படிகள் பெரும்பாலும் இவையே, பொறுப்பேற்பவர் மனைவி. மாப்பிள்ளை 21 வயது நிரம்பியவராய், இரண்டாண்டு நிரந்தரவாசியாய் இருந்து பிரஜாவுரிமைக்கு மனுச் செய்யலாம். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு முன்பு தந்தை வழியாகவே பிரஜாவுரிமை வந்தது. 2004 முதல் தாய் வழியாகவும் வருகிறது.

கேள்வி: இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டால் ஊர்த் தொடர்பு அற்றுவிடுமா?
பதில்: அறாது. இந்தியா 2005-ல் சட்டமாக்கிய வெளிநாட்டு இந்தியர் அட்டையைப் பெற்றால் விசா இல்லாமல் வாழ்நாள் முழுதும் போய்வரலாம். அது பிரஜாவுரிமை அன்று. அங்கே வாக்களிக்க முடியாது. வயலும் தோப்பும் விலைக்கு வாங்க முடியாது. தகப்பன் சொத்தாக வாரிசில் வருவதற்குத் தடையில்லை.

கேள்வி: "ஆள் தெரியும், பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்கிறார் ஒருவர்.
பதில்: அவரை நம்ப வேண்டாம். மனுவை நாமே இணையத்தில் செய்யலாம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் ஒரு காசும் தேவையில்லை.

முடிவாக

மனுச் செய்யுமுன் மனைவியைக் கேளுங்கள். பிறந்த நாட்டின் பிரஜாவுரிமையைத் துறப்பது எளிய காரியமன்று. அத்தா அம்மா இருக்கும் ஊருக்கு இனி அயல்நாட்டுப் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும் என்பது மனத்தை வருத்தும். நிரந்தரவாசத்தோடு நிற்க அவர் விரும்பினால் அதுவும் அவருடைய உரிமையே. நிக்காஹ் மஜ்லிஸில் பெண்ணின் சம்மதம் கேட்காமல் நாம் எழுந்துவிடுவதில்லை. உறுதிமொழியையும் அவர்தாம் தம் வாயால் சொல்லப் போகிறார். கணவர் அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது. ஆகவே முடிவும் அவருடையதாக இருக்கட்டும். ஆனால் வாசலைத் திறந்துவிட வேண்டியது நம் கடமை.

இந்த இதழை மடித்து வைக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். மனைவியின் பாஸ்போர்ட், வருகை அனுமதி, திருமணச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வைத்து, பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முடியும் தேதிகளைக் கடை நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள். சரக்குக்காரர் வரும் தேதிக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கட்டும். வாடிக்கையாளருக்கு வாக்குத் தவறாதவர் என்று பேரெடுத்த நாம், வீட்டில் இருப்பவருக்கு மட்டும் தவணை சொல்லிக்கொண்டிருப்பது முறையாகாது.